குதிகாலில் இல்லாத கொப்புளம்

படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவருடைய உடலில் எது தோன்றினாலும் அது படுத்திருப்பதால் வந்தது என்று சொல்லிவிடுவது எளிது. புண் வந்தால் படுக்கைப்புண், கால் வீங்கினால் நடக்காததால் வந்த வீக்கம், பசிக்கவில்லை என்றால் அசைவில்லாத உடலுக்குச் செரிக்கவில்லை. இந்த விடைகள் பெரும்பாலும் சரியாகவும் இருந்துவிடுகின்றன. அதனாலேயே அவற்றை யாரும் மறுபடி தட்டிப் பார்ப்பதில்லை. என் அம்மாவின் பாதங்களில் காரணம் தெரியாமல் வந்த கொப்புளங்களைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நோய் இப்போது கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் அதன் பெயர் தெரியவருவதற்குள் யார் யாரிடம் என்னென்ன கேட்கப்பட்டது, யாரிடம் எதுவுமே கேட்கப்படவில்லை என்பது மட்டும் மனத்தில் இன்னும் அடங்கவில்லை.

அம்மா மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். வயது எண்பதை நெருங்குகிறது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பல ஆண்டுகளாக உண்டு. பக்கவாதம் வந்து இடது கையும் காலும் செயலிழந்தன. பேச்சு குழறும். ஆனால் அறிவு தெளிவாகவே இருக்கிறது. பொறுமையாகக் காது கொடுத்தால் ஒவ்வொரு சொல்லும் புரியும். தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு முதல் மாடியில் இருக்கிறது. பழைய கட்டடத்தின் குறுகலான படிக்கட்டில் சக்கர நாற்காலி இறங்காது. அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, தெருவில் யாராவது இரண்டு பேரை அழைத்து, தூக்கித்தான் இறக்க வேண்டும். பிறகு ஆட்டோ, திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் நெரிசல், வரிசை, மீண்டும் அதே படிக்கட்டு. இந்தப் பகுதியில் மாடிவீட்டில் முதியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் முதலில் கைபேசியில் படம் எடுத்து மருத்துவருக்கு அனுப்புகிறோம். படத்தில் கொப்புளம் தெரியும். அந்தக் கால் நாள் முழுவதும் எப்படி, எங்கே கிடக்கிறது என்பது தெரியாது. அந்தக் காலுக்கு உரியவர் என்ன உணர்கிறார் என்பதும் தெரியாது.

முதல் கொப்புளம் வலது உள்ளங்காலின் குழிவில் வந்தது. பெரிய நெல்லிக்காய் அளவு இருந்தது; உள்ளே தெளிவான நீர், மேல்தோல் விறைப்பாக இருந்தது. அதற்கடுத்த வாரங்களில் இடது புறங்காலிலும் இரு கால்களின் விரல் இடுக்குகளிலும் சிறியனவும் பெரியனவுமாக வந்துகொண்டே இருந்தன. பழையது வற்றிக் காய்வதற்குள் புதியது எழும்.

வரிசையாக வந்த விடைகள்

முதல் விடை, எதிர்பார்த்தபடியே, அழுத்தப் புண். படத்தைப் பார்த்தவரும் அதையே சொன்னார், வீட்டுக்கு வந்து கட்டுப் போட்ட செவிலியரும் அதையே சொன்னார். காற்றுப் படுக்கை வாங்கினோம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தோம். இவை எப்படியும் செய்ய வேண்டியவையே. ஆனாலும் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. அழுத்தத்தால் வரும் கொப்புளத்துக்கு என்று இடங்கள் உண்டு. எலும்பு தோலுக்கு மிக அருகில் இருந்து, அதன் மேல் உடலின் பாரம் இறங்கும் இடங்கள் அவை: குதிகால், கணுக்கால் எலும்பு, பாதத்தின் வெளி விளிம்பு. வாதம் வந்த கால் வெளிப்புறமாகச் சாய்ந்து கிடப்பதால் அந்த விளிம்பில் எளிதாகப் புண் வரும். அம்மாவின் குதிகால்கள் இரண்டும் சுத்தமாக இருந்தன. கொப்புளம் வந்த உள்ளங்கால் குழிவோ, படுத்திருந்தாலும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் எதன் மேலும் படாத இடம். படாத இடத்தில் அழுத்தம் எப்படி வரும்? இதைச் செவிலியரிடம் கேட்டபோது, அம்மா இரவில் காலைத் தேய்த்துக்கொண்டே இருப்பதால் உராய்வாக இருக்கலாம் என்றார். அம்மா காலைத் தேய்ப்பது உண்மை. அதனால் அப்போதைக்கு அந்த விடை நின்றது.

அக்கம்பக்கத்தில் கேட்டவர்கள் அக்கி என்றார்கள். காவி குழைத்து அக்கி எழுதுபவர் ஒருவர் இருப்பதாகவும், அழைத்து வருவதாகவும் கீழ்வீட்டுப் பாட்டி அக்கறையோடு சொன்னார். ஆனால் அக்கி ஒரு நரம்பின் வழியைப் பிடித்துக்கொண்டு, உடலின் ஒரு பக்கத்தில், எரிச்சலும் வலியுமாக வருவது. இரண்டு கால்களிலும் மாறி மாறி வாரக்கணக்கில் வந்துகொண்டிருக்காது. பாட்டியின் மனம் நோகாமல் மறுத்துவிட்டேன்.

அடுத்துப் பார்த்த மருத்துவர் சர்க்கரைக் கொப்புளம் என்றார். இது வெறும் ஊகம் அல்ல. நீண்டநாள் நீரிழிவு உள்ள சிலருக்குக் காலிலும் பாதத்திலும் ஓர் இரவுக்குள் திடீரென்று நீர்க்கொப்புளம் எழுவது உண்டு. 1930இலேயே இது மருத்துவ இதழில் பதிவானது. 1967இல் இதற்குத் தனிப் பெயரும் வைத்தார்கள். அம்மாவின் வயதும் நோயும் அதற்கு நன்றாகவே பொருந்தின. ஆனால் அந்தக் கொப்புளம் சுற்றிலும் சிவக்காது, வலிக்காது, அரிக்காது. இரண்டிலிருந்து ஆறு வாரங்களில் பெரும்பாலும் தானே ஆறிவிடும். அம்மாவுக்கோ சில கொப்புளங்களைச் சுற்றி மெல்லிய சிவப்பு இருந்தது, புதியவை நிற்கவே இல்லை. காத்திருந்து பார்க்கச் சொன்னார், காத்திருந்தோம்.

சந்தேகம் போய் நின்ற இடம்

காரணம் தெரியாத காயம் வீட்டுக்குள் என்ன செய்யும் என்பதை நான் அந்த வாரங்களில்தான் பார்த்தேன். அம்மாவுடன் இரவும் பகலும் இருப்பவர் காசிமேட்டிலிருந்து வரும் ஓர் அக்கா. நான் பாரிமுனையில் வேலைக்குப் போய்த் திரும்பும்வரை அம்மாவின் குளியல், உணவு, மாத்திரை, படுக்கை எல்லாம் அவர் பொறுப்பு. வெளியூரில் இருக்கும் என் அண்ணன் படங்களைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்டான்: "வெந்நீர் ஊத்துறாங்களா? ஒத்தடம் கொடுக்கிறாங்களா? நீ கேட்டியா?"

கேள்வியில் நியாயம் இருந்தது. சர்க்கரையால் பாத நரம்புகள் மரத்துப்போனவருக்குச் சூடு தெரியாது. கொதிக்கும் நீர்கூட வேண்டியதில்லை. 1947இல் வெளியான தீக்காய ஆய்வு ஒன்று, தோலின் வெப்பம் 44 டிகிரி செல்சியஸ் அளவில் ஆறு மணி நேரம் போல நீடித்தாலே தோல் வெந்துவிடும் என்று காட்டியது. அந்த வெப்பம் கைக்கு இதமான வெதுவெதுப்பு மட்டுமே. வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துவிட்டு நல்லெண்ணத்தோடு தூங்கிப்போகும் வீடுகளில் இப்படித்தான் கொப்புளம் வருகிறது. எனவே கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்கும் விதம் ஒன்று இருக்கிறது. அண்ணன் அடுத்த முறை அழைத்தபோது அக்காவிடமே பேசினான். அவர் குளிக்கவைக்கும் நீரின் சூடு, மதியம் பால்கனியில் உட்காரவைக்கும் நேரம், அங்கே தரையில் வெயில் விழுகிறதா என்பது வரை எல்லாவற்றையும் சொன்னார். தொலைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனவர் நெடுநேரம் வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு அம்மாவின் காலைத் தொடும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டே தொட்டார். ஒரு நோய்க்குச் சரியான பெயர் கிடைக்காத வரையில், அந்த நோயாளியை மிக நெருக்கமாகப் பார்த்துக்கொள்பவர்தான் குற்றவாளியாக நிற்கிறார். கூலிக்கு வந்தவர் என்றால் இன்னும் விரைவாக. நோயறிதல் தாமதமாகும்போது ஏற்படும் சேதங்களில் இதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

சொறிந்த தடம் எதுவரை இருந்தது

இறுதியாக ஓர் அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கிருந்த மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. அவர் செய்த முதல் காரியம் எனக்கு வியப்பாக இருந்தது. நான் பாதத்தின் கட்டைப் பிரிக்கக் குனிந்தபோது, "அது இருக்கட்டும்மா" என்று நிறுத்திவிட்டு, அம்மாவின் முகத்துக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, "ராத்திரி இவங்க கூட படுக்கிறது யாரு?" என்று கேட்டார். அக்கா கதவோரமாக நின்றிருந்தார். அவரை உள்ளே அழைத்தார். கொப்புளம் வருவதற்கு முன்னால் தோலில் வேறு ஏதாவது இருந்ததா என்று கேட்டார்.

"கொப்புளம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே டீச்சரம்மா ராவெல்லாம் சொறிஞ்சிக்கினே கீதுங்க டாக்டரம்மா. துடையில, வயித்துல செவப்பா தடிப்பு தடிப்பா வரும், அப்புறம் போயிடும். வயசான ஒடம்பு, வறண்டு போச்சுன்னு தேங்கா எண்ணெ தடவுவேன்."

மருத்துவர் அம்மாவின் பக்கம் திரும்பி, "எங்கெல்லாம் அரிக்குது டீச்சர்?" என்றார். அம்மா வலது கையால் வயிற்றைத் தொட்டார், தொடையைத் தொட்டார், பிறகு கையைக் கீழ்நோக்கி நீட்டினார். கை முழங்காலோடு நின்றுவிட்டது. மெதுவாக, குழறலாக, ஆனால் அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் புரியும்படியாகச் சொன்னார்: "கால்தான் ரொம்ப. கை எட்டல."

மனத்தில் நான் நாள்தோறும் திரும்பிப் போவது அந்த இடத்துக்குத்தான். மருத்துவர் அம்மாவின் புடவையை விலக்கிக் காட்டினார். வயிற்றிலும் இரு தொடைகளிலும் நகம் பட்ட கீறல்கள், பழையனவும் புதியனவுமாக இருந்தன. முழங்காலுக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. வலது கை எட்டும் எல்லை எதுவோ அதுவே கீறல்களின் எல்லை. பாதத்தைப் பரிசோதித்த எவரும் அரிப்பைப் பற்றி நினைக்காததற்குக் காரணம், பாதத்தில் சொறிந்த தடம் இல்லை என்பதுதான். தடம் இல்லாமற்போனது அரிப்பு இல்லாததால் அல்ல, எட்டாததால். இரவெல்லாம் அம்மா காலைத் தேய்த்ததும் அதற்காகவே. அசைக்க முடிந்த வலது குதிகாலால் இடது புறங்காலைத் தேய்த்திருக்கிறார், வலது பாதத்தைப் படுக்கை விரிப்பில் தேய்த்திருக்கிறார். கையால் செய்ய முடியாததைக் காலால் செய்திருக்கிறார். அதைத்தான் உராய்வு, கொப்புளத்துக்குக் காரணம் என்று எடுத்துக்கொண்டோம். உண்மையில் அது நோயின் விளைவு. நடமாட்டம் இல்லாமை நோயை உண்டாக்கவில்லை. நோயின் அடையாளத்தை மாற்றிக் காட்டியிருந்தது.

அதன் பிறகே அவர் பாதத்தைப் பார்த்தார். கொப்புளத்தின் மேல்தோல் விறைப்பாக இருக்கிறதா, தொளதொளவென்று இருக்கிறதா என்று பார்த்தார். அருகிலுள்ள நல்ல தோலை விரலால் அழுத்தித் தேய்த்து, அது உரிகிறதா என்று பார்த்தார். டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லிக்கொண்டே செய்தார். நம் ஊரில் அதிகம் காணப்படும் பெம்ஃபிகஸ் என்ற கொப்புள நோயில், மேல்தோலின் செல்களே ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன. அதனால் கொப்புளத்தின் கூரை மெல்லியது. தொட்டால் உடையும், தேய்த்தால் தோல் வழுக்கும், பெரும்பாலும் வாயிலும் புண் இருக்கும். பெம்ஃபிகாய்டு என்ற மற்றொன்றில் மேல்தோல் முழுவதுமாக அடித்தோலிலிருந்து விலகுகிறது. கூரையில் மேல்தோலின் முழுத் தடிமனும் இருப்பதால் கொப்புளம் விறைப்பாக, எளிதில் உடையாமல் நிற்கும். 1953இல் வால்டர் லீவர் என்ற தோல் மருத்துவர் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் வரை இவை ஒன்றாகவே எண்ணப்பட்டிருந்தன. பெம்ஃபிகாய்டு முதியவர்களின் நோய். எழுபதைத் தாண்டியவர்களிடமே மிகுதி. கொப்புளம் வருவதற்கு வாரங்கள், ஏன், மாதங்கள் முன்பே கடும் அரிப்பும் சிவந்த தடிப்புகளும் வரும். பக்கவாதம், மறதி நோய், பார்க்கின்சன் நோய் உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. இந்த நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தி தாக்கும் தோல் புரதங்களின் வேறு வடிவங்கள் மூளையிலும் இருப்பது அதற்குக் காரணமாகலாம் என்று கருதுகிறார்கள். உள்ளங்காலையும் உள்ளங்கையையும் முதன்மையாகப் பற்றும் வகை ஒன்றும் இதில் உண்டு.

இரண்டு துண்டுத் தோல்

ஐயத்தை உறுதிசெய்யப் பயாப்சி, அதாவது சோதனைக்காகத் தோலில் சிறு துண்டு, எடுக்க வேண்டும் என்றார். பாதத்திலிருந்து எடுப்பார் என்று நினைத்தேன், அவர் வயிற்றைத் தேர்ந்தெடுத்தார். சர்க்கரை உள்ளவரின் பாதத்தில் புதிதாக ஒரு காயம் ஆறுவது கடினம். அதோடு, தோலில் படிந்த எதிர்ப்புச் சக்திப் புரதங்களை ஒளிரவைத்துத் தேடும், இந்த நோய்க்கான ஒளிர்வுச் சோதனை, முழங்காலுக்குக் கீழே எடுத்த தோலில் நோய் இருந்தும் இல்லை என்று காட்டிவிடும் வாய்ப்பு அதிகம். அம்மாவின் வயிற்றில் அப்போது ஒரு தடிப்பும் அதன் விளிம்பில் ஒரு சிறு கொப்புளமும் இருந்தன. கொப்புளத்தின் விளிம்பிலிருந்து ஒரு துண்டு. அதைத் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டார்கள். சற்றுத் தள்ளி, கொப்புளம் இல்லாத தோலிலிருந்து இன்னொரு துண்டு. அது ஃபார்மலினில் விழவே கூடாது. மைக்கேல் கரைசல் என்ற தனித் திரவத்தில் போக வேண்டும், ஃபார்மலின் பட்டால் தேடும் பொருளே அழிந்துவிடும். இதை நான் இங்கே விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. பயாப்சி எடுத்தாகிவிட்டது, ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லும் குடும்பங்களில், இரண்டாவது துண்டு எடுக்கப்பட்டதா, எந்தப் புட்டியில் போனது என்று கேட்பது பயன்படும். விரல் இடுக்கிலிருந்து சுரண்டி எடுத்துப் பூஞ்சையும் தேடினார்கள், இல்லை. அறிக்கை வந்தது: மேல்தோலும் அடித்தோலும் சேரும் எல்லையில், எதிர்ப்புச் சக்தியின் புரதங்களான ஐஜிஜியும் சி3யும் ஒரே சீரான கோடாகப் படிந்திருந்தன. பெம்ஃபிகாய்டுதான்.

முடிவு வருவதற்கு முன்பே மருத்துவர் இன்னொன்றும் கேட்டிருந்தார். மருந்துச் சீட்டு வேண்டாம், அம்மா விழுங்கும் மாத்திரை அட்டைகளை அப்படியே கொண்டுவாருங்கள் என்றார். இரத்த அழுத்த மாத்திரைகள் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருபவை. சர்க்கரை மாத்திரை மட்டும் சில ஆண்டுகளாகத் தனியாரிடம் எழுதி வாங்கி, மருந்துக்கடையில் எடுப்பது. அட்டையைத் திருப்பிப் பின்னால் இருந்த சிறிய எழுத்தை வாசித்தார்: வில்டாகிளிப்டின், மெட்ஃபார்மின். ஒரே மாத்திரையில் இரண்டு மருந்துகள். கிளிப்டின் வகை மருந்துகளுக்கும் பெம்ஃபிகாய்டுக்கும் உள்ள தொடர்பு பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது, அவற்றுள் வில்டாகிளிப்டினின் தொடர்பு வலுவானது. தொடங்கிய உடனே வராமல் மாதங்களோ ஆண்டுகளோ கழித்தும் வரலாம் என்பதால் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. 2019 டிசம்பரில் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்ததும் பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கின, விலை பெரிதும் இறங்கியது. எங்களைப் போன்ற வீடுகளுக்கு அது எட்டும் விலைக்கு வந்ததும் அப்போதுதான். நல்ல மருந்து, சர்க்கரையைத் தாழ்நிலைக்குத் தள்ளிவிடாமல் குறைப்பது. பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் எண்பதை நெருங்கும் ஒருவர் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது காரணமில்லாமல் அரித்தால், எண்ணெய் தடவுவதற்கு முன்னால் அந்த அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த மாத்திரையை நிறுத்தினார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினைத் தனியாகவும், தேவைக்கேற்ப இன்சுலினையும் வைத்தார்கள். ஸ்டீராய்டு மாத்திரை இந்த நோயை விரைவாக அடக்கும், ஆனால் சர்க்கரையை ஏற்றும், கிருமித்தொற்றுக்கு வழிவிடும். எனவே மேலே பூசும் ஸ்டீராய்டான குளோபெட்டசால் களிம்பையும், நாளுக்கு 200 மில்லிகிராம் டாக்சிசைக்கிளின் என்ற ஆன்டிபயாட்டிக்கையும் கொண்டு தொடங்கினார்கள். வீரியமான களிம்பை உடல் முழுவதும் பூசுவது, நோய் பரவலாக இருப்பவர்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரையைவிடப் பாதுகாப்பானது என்று பிரான்சில் நடந்த ஆய்வு 2002இல் காட்டியது. டாக்சிசைக்கிளின் வேகம் குறைந்ததானாலும் கடும் பக்கவிளைவுகள் குறைவு என்று பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் நடந்த ஆய்வு 2017இல் சொன்னது. பெரிய கொப்புளங்களைக் கிருமி நீக்கிய ஊசியால் அடியில் குத்தி நீரை வடியவிட்டு, கூரைத்தோலை உரிக்காமல் விடச் சொன்னார். அந்தத் தோலே மேலே கட்டாக இருந்து காக்கும். அதை அக்காவுக்கு நேரில் செய்துகாட்டினார்கள். இன்று என்னைவிட அவர் அதைச் சுத்தமாகச் செய்கிறார். அறிக்கையின் நகலை அண்ணனுக்கு அனுப்பினேன். அவன் அன்று மாலையே அழைத்து அக்காவிடம் பேசினான். என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை.

அரிப்பு முதலில் குறைந்தது, கொப்புளங்கள் நிற்க மேலும் வாரங்கள் ஆயின. மருந்தினால் வந்ததா, பக்கவாதத்தோடு சேர்ந்து வந்ததா என்று கேட்டதற்கு, ஒருவரிடம் இரண்டும் இருக்கும்போது பிரித்துச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். நிறுத்தக்கூடியதை நிறுத்தியிருக்கிறோம், நோய் திரும்பலாம், கவனமாக இருங்கள் என்றார். கிளிப்டின் என்று முடியும் எந்த மருந்தும் கூடாது என்று அம்மாவின் கோப்பின் முன்பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார்.

சில மாதங்கள் கழித்து அம்மாவின் இடது குதிகாலில் ஒரு கொப்புளம் வந்தது. அரிப்பு இல்லை, சுற்றிலும் தடிப்பு இல்லை, உள்ளே நீருக்குப் பதில் கருஞ்சிவப்பாக இரத்தம் கட்டியிருந்தது. அசையாத காலின் குதிகால், எலும்பின் மேலேயே. அக்கா பார்த்தவுடன், "இது அது இல்லம்மா, இது படுத்ததால வந்தது" என்றார். இரத்தம் கட்டிய கொப்புளத்துக்கு அடியில் ஆழமான திசுவே சேதமாகியிருக்கலாம் என்பதால் அதை உடைக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டினோம். அவரும் அதையே சொன்னார். கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாட்டில் தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் தொங்கும்படி பார்த்துக்கொண்டோம். அது மெல்லக் காய்ந்து, பக்காகி, உதிர்ந்தது. களிம்பு தோலை மெலியவைக்கும் என்பதால் இப்போது இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டியிருக்கிறது: காலையில் குதிகாலும் கணுக்காலும், மாலையில் வயிறும் தொடையும். பார்த்து முடித்ததும் அக்கா அம்மாவிடம் எங்கே அரிக்கிறது என்று கேட்கிறார், அம்மா பதில் சொல்லி முடிக்கும் வரை காத்திருக்கிறார்.